கொரோனாவும் கணையமும்: ஒரு திறந்த மடல்

கொரோனா தொற்றின்போதோ அதற்குப் பிறகோ கணைய அழற்சி வந்து சிகிச்சை பெற்றவர்களுக்கும், அவர்களுடைய குடும்பத்தாருக்கும்,

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் சுரப்பி. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினை இரத்தத்தில் கலப்பது அதன் ஒரு வேலை. மாவு, கொழுப்பு, புரதம் மூன்றையும் செரிக்கவைக்கும் நொதிகளைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புவது மற்றொரு வேலை. புரதத்தைச் செரிக்கும் நொதிகள் கணையத்துக்குள் இருக்கும்வரை செயலற்றே இருக்கும். முன்சிறுகுடலை அடைந்த பிறகுதான் வீரியம் பெறும். ஏதோ ஒரு காரணத்தால் அவை சுரப்பிக்குள்ளேயே வீரியம் பெற்றுவிட்டால் கணையம் தன்னைத் தானே செரிக்கத் தொடங்குகிறது. இதுவே திடீர்க் கணைய அழற்சி. மேல்வயிற்றில் பிடித்து முதுகுவரை ஊடுருவும் வலியும் நிற்காத வாந்தியும் இதன் அடையாளங்கள். ஐந்தில் நான்கு பேருக்கு ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். மீதிப் பேருக்குக் கணையத் திசு அழுகலாம், சிறுநீரகமும் நுரையீரலும் செயலிழக்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்த நோயை உறுதிசெய்ய உலகெங்கும் ஒரே அளவுகோல் உண்டு. 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு மூன்று அம்சங்களைச் சொல்கிறது: நோய்க்கே உரிய வயிற்றுவலி, இரத்தத்தில் அமைலேஸ் அல்லது லைபேஸ் நொதி இயல்பின் உச்ச அளவைவிட மூன்று மடங்காவது உயர்ந்திருப்பது, ஸ்கேனில் கணையம் வீங்கியோ சிதைந்தோ தெரிவது. மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையில் எண் சற்று ஏறியிருப்பது மட்டும் கணைய அழற்சி ஆகாது. கொரோனா பற்றிய விவாதத்தில் பாதிக் குழப்பம் இந்த ஒரு விதியை மறந்ததால் வந்தது.

அறியப்பட்ட காரணங்களில் முதலிடம் பித்தப்பைக் கல்லுக்கும் மதுவுக்கும். இரண்டும் சேர்ந்தே பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளுக்குக் காரணமாகின்றன. இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு கொழுப்பு டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டினால் கணையம் வீங்கலாம். சில மருந்துகள், இரத்தத்தில் கால்சியம் மிகுதல், வயிற்றில் அடிபடுதல், பித்தக் குழாயில் எண்டோஸ்கோப்பி செய்தல் ஆகியவையும் பட்டியலில் உண்டு. டிரினிடாட் தீவில் ஒரு வகைத் தேள் கொட்டியும் வருவதுண்டு. வைரஸ்களும் புதியவை அல்ல. பொன்னுக்கு வீங்கி வைரஸும் காக்சாக்கி வைரஸும் கணையத்தைத் தாக்கக்கூடியவை என்பது பழைய பாடநூல்களிலேயே இருக்கிறது. ஆகவே, ‘ஒரு வைரஸால் கணைய அழற்சி வருமா’ என்பதில் ஐயமில்லை. இந்த வைரஸால் வருகிறதா, வந்தால் எத்தனை பேருக்கு என்பதே கேள்வி.

முதல் எச்சரிக்கை ஊஹானிலிருந்து வந்தது. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, கொரோனா நிமோனியாவோடு அனுமதிக்கப்பட்ட 52 பேரில் 9 பேருக்குக் ‘கணையச் சேதம்’ இருந்ததாகச் சொன்னது. நூற்றுக்கு 17 பேர் என்ற அந்த எண் உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்பட்டது. ஆனால் அந்த ஆய்வில் ‘கணையச் சேதம்’ என்பதற்கான வரையறை, அமைலேஸோ லைபேஸோ இயல்பைவிடச் சற்றே கூடியிருப்பது மட்டும்தான். மூன்று மடங்கு என்ற வரம்பும் இல்லை. வலியும் ஸ்கேனும் கேட்கப்படவில்லை. ஸ்பெயினின் கணைய நிபுணர் என்ரிக்கே டி மடாரியாவும் உடனெழுதியவர்களும், கணையத்தின்மீது இப்போதே பழிபோட வேண்டாம் என்று அதே இதழில் மறுப்பு எழுதினார்கள்.

மறுப்பில் நியாயம் இருந்தது. அமைலேஸ் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் உண்டாகிறது. பொன்னுக்கு வீங்கியில் கணையம் நன்றாக இருக்கும்போதே அந்த எண் எகிறுவது இதனால்தான். லைபேஸ் குடலிலிருந்தும் கசியும். சிறுநீரகம் பழுதானால் இரண்டு நொதிகளும் வெளியேற வழியின்றி இரத்தத்தில் தேங்கும். சர்க்கரை நோயில் வரும் கீட்டோஅமில நிலையிலும் அவை உயரும். தீவிர கொரோனாவில் குடல் பாதிப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, கட்டுமீறிய சர்க்கரை ஆகிய எல்லாமே சேர்ந்து வரக்கூடியவை. சீனாவிலிருந்து வந்த இன்னோர் ஆய்வும் இந்தக் கோணத்தில் படிக்கத்தக்கது. 121 நோயாளிகளை ஆராய்ந்த அதில், இலேசான தொற்றுள்ளவர்களில் 2 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்கும், தீவிரத் தொற்றுள்ளவர்களில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினருக்கும் நொதி அளவு உயர்ந்திருந்தது. நோய் முற்ற முற்ற எண் ஏறுகிறது என்பது கணையத்தைப் பற்றிய செய்தியாக இருக்கலாம். உடல் முழுவதும் நொந்துபோனதற்கான செய்தியாகவும் இருக்கலாம். பாஸ்டன் நகரில் 71 நோயாளிகளிடம் லைபேஸ் அளந்து பார்த்தபோது 9 பேருக்கு உயர்ந்திருந்தது. மூன்று மடங்கைத் தாண்டியவர்கள் இருவர் மட்டுமே. ஒருவருக்கும் கணைய அழற்சி இல்லை.

எண்ணிக்கையில் பெரிய ஆய்வு நியூயார்க் வட்டாரத்தின் ஒரு மருத்துவமனைக் குழுமத்திலிருந்து வந்தது. அங்கே 2020 வசந்தகாலத்தில் அனுமதிக்கப்பட்ட 48,012 பேரில் 189 பேருக்கு முறையான அளவுகோலின்படி கணைய அழற்சி இருந்தது. அவர்களில் 32 பேருக்குக் கொரோனாவும் இருந்தது. அதே காலத்தில் அனுமதிக்கப்பட்ட கொரோனா நோயாளிகள் மொத்தம் 11,883 பேர். ஆக, கொரோனா நோயாளிகளில் கணைய அழற்சி கண்டவர்கள் 0.27 விழுக்காடு, ஆயிரத்துக்கு மூன்று பேர்கூட இல்லை. வைரஸ் கணையத்தைத் தேடிப்போய்த் தாக்குகிறது என்றால் இவ்வளவு குறைவாக இருக்க நியாயமில்லை.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண் இருந்தது, அதுதான் விவாதத்தை உயிரோடு வைத்திருக்கிறது. கொரோனா இல்லாத கணைய அழற்சி நோயாளிகளில் 21 விழுக்காட்டினருக்குக் காரணம் கண்டுபிடிக்கப்படவில்லை. கொரோனா இருந்தவர்களிலோ 69 விழுக்காட்டினருக்குக் காரணம் கிடைக்கவில்லை. கல் இல்லை, மது இல்லை, வேறெதுவும் இல்லை என்றால் மீதமிருப்பது வைரஸ்தானே என்று தோன்றுவது இயல்பு.

இந்த வாதத்தின் பலவீனம் ‘காரணம் தெரியவில்லை’ என்ற முடிவு எப்படி எட்டப்படுகிறது என்பதில் இருக்கிறது. அது எவ்வளவு ஆழமாகத் தேடினார்கள் என்பதைப் பொறுத்தது. சாதாரண வயிற்று ஸ்கேனில் தப்பிவிடும் மணல் போன்ற நுண்கற்களைப் பிடிக்க எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்டோ, பித்தக் குழாய்க்கான எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ தேவை. 2020இல் தொற்றுள்ளவரை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோவதே பெரும்பாடு. எண்டோஸ்கோப்பி அறைகள் உயிராபத்துள்ளவர்களுக்கு மட்டும் திறந்தன. தேடல் சுருங்கிய இடத்தில் ‘தெரியவில்லை’ பெருகுவதில் வியப்பில்லை. போதாக்குறைக்கு, ஊரடங்குக் காலத்தில் குடித்ததை ஒளிக்காமல் சொன்னவர்கள் எத்தனை பேர் என்பதும் ஒரு கேள்வி.

கணைய விஷயத்தில் அவசரப்பட்டுக் காரணம் கற்பித்த கதை தென்னிந்தியாவுக்கு நன்கு பழக்கமானது. கேரளத்தில் மது அருந்தாத இளம் வயதினருக்குக் கணையத்தில் கற்களோடு நாள்பட்ட அழற்சி வருவதை மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் விரிவாகப் பதிவுசெய்தார். ஏழை வீடுகளில் மரவள்ளிக்கிழங்கு அன்றாட உணவு என்பதால் பழி அதன்மீது விழுந்தது. பல பத்தாண்டுகள் நிலைத்தும் நின்றது. ஆனால் மரவள்ளி தின்னாத வட்டாரங்களிலும் அதே நோய் இருந்தது, விலங்குகளுக்கு ஊட்டிப் பார்த்தும் நோய் வரவில்லை. பிறகு, இத்தகைய நோயாளிகளில் கணிசமானவர்களிடம் ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரியவந்தது. ஒரே இடத்தில் ஒரே காலத்தில் இரண்டு பொருள்கள் காணப்பட்டால், ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. 2020இலும் 2021இலும் கொரோனா எல்லா இடத்திலும் இருந்தது. கால் முறிந்து வந்தவருக்கும் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்த காலம் அது.

எனினும் வைரஸை முற்றாக விடுவித்துவிடவும் முடியாது. அது செல்லுக்குள் நுழைய ஏஸ்-2 என்ற புரதம் கதவாகப் பயன்படுகிறது, இந்தப் புரதம் கணையத்திலும் உண்டு. ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், வைரஸ் மனிதக் கணையச் செல்களில் தொற்றிப் பெருகுவதைச் சோதனைக்கூடத்தில் காட்டினார்கள். இறந்த நோயாளிகளின் கணையத் திசுவிலும் அதன் தடயம் இருந்தது. ரோம் நகரில் ஒரு நோயாளியின் கணையத்தை ஒட்டித் தேங்கிய நீர்க்கட்டியில் வைரஸின் ஆர்.என்.ஏ. கண்டெடுக்கப்பட்டது. மறுபக்கம், 2020இல் அமெரிக்காவிலிருந்து வந்த இரண்டு ஆய்வுகள், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் ஏஸ்-2 ஏறத்தாழ இல்லை என்றும், அது நுண்ணிய இரத்தக் குழாய்களிலும் கணைய நாளங்களிலும்தான் தென்படுகிறது என்றும் கூறின. ஆக, வைரஸ் கணையத்தை எட்ட முடியும் என்பது உறுதி. எட்டிய வைரஸ், நொதிகளை உள்ளேயே வீரியம் பெறச் செய்து அழற்சியை மூட்டுகிறதா என்பது அடுத்த படி. அந்தப் படி நிரூபிக்கப்படவில்லை.

சுற்றுவழிகளும் பல. கொரோனா இரத்தத்தை உறையவைக்கிறது. நுண் குழாய்களில் அடைப்பு ஏற்பட்டால் கணையத்துக்கு இரத்தம் குறையும். இரத்த ஓட்டம் குறைவதைக் கணையம் தாங்காது; அதிர்ச்சி நிலையில் ஐ.சி.யூ.வில் கிடப்பவருக்கு வேறெந்த நோயாக இருந்தாலும் கணையம் பாதிக்கப்படலாம். கொரோனாவுக்குக் கொடுத்த மருந்துகளையும் மறக்கக் கூடாது. டோசிலிசுமாப், லோபினாவிர்-ரிட்டோனாவிர் ஆகியவை ட்ரைகிளிசரைடை ஏற்றக்கூடியவை. வென்டிலேட்டரில் இருப்பவரைத் தூக்கத்தில் வைக்கும் புரோபோஃபால் கொழுப்புக் குழம்பில் கலந்தே தரப்படுகிறது, அதுவும் அப்படியே. ஸ்டீராய்டு சர்க்கரையையும் கொழுப்பையும் சேர்த்து ஏற்றும். அனுமதிக்கப்பட்டுப் பத்து நாள் கழித்துக் கணைய அழற்சி வந்தவரிடம் வைரஸையும் மருந்தையும் பிரித்துப் பார்ப்பது ஏறக்குறைய முடியாத காரியம். ஒரு மருந்தின்மீது சந்தேகம் என்றால் அதை நிறுத்திப் பார்க்கலாம். அரிதாக, மீண்டும் தரப்பட்டபோது நோய் திரும்பினால் பழி உறுதியாகும். வைரஸை அப்படிச் சோதிக்க வழியில்லை.

சாட்சியாகச் சொல்லப்படும் தனி நேர்வுகளும் உண்டு. டென்மார்க்கில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவருக்குக் கொரோனா வந்து, அவர்களில் இருவருக்குத் தீவிரக் கணைய அழற்சி ஏற்பட்டது 2020இல் பதிவானது. குழந்தைகளிடம் கொரோனாவுக்குப் பின் வரும் பல்லுறுப்பு அழற்சியிலும் கணையம் வீங்கிய நேர்வுகள் உண்டு. டென்மார்க் குடும்பம் வைரஸுக்கு எதிரான வலுவான சாட்சி போலத் தோன்றும். ஆனால் இரத்த உறவினர் இருவருக்கு ஒரே நோய் வரும்போது, வைரஸைப் போலவே மரபணுவும் சந்தேகத்துக்குரியது.

கொரோனா கணைய அழற்சியை உண்டாக்குகிறதா என்பதில் இவ்வளவு இழுபறி இருந்தாலும், இரண்டும் ஒருவருக்குச் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்பதில் விடை தெளிவாகவே இருக்கிறது. 2020 மார்ச் முதல் ஜூலை வரை பல நாடுகளின் மருத்துவமனைகளில் கணைய அழற்சியோடு வந்த 1777 பேரைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு 2021இல் ‘கட்’ இதழில் வெளியானது. அவர்களில் 149 பேருக்குக் கொரோனாவும் இருந்தது. முப்பது நாளுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு விகிதம் இவர்களிடம் மற்றவர்களைவிட ஆறரை மடங்கு. இவர்கள் பெரும்பாலும் வயது கூடியவர்கள், ஆண்கள். அந்த வேறுபாடுகளையெல்லாம் கணக்கில் கழித்த பிறகு அது 2.4 மடங்காகக் குறைந்தது. குறைந்தாலும் பெரிய எண்தான். நீடித்த உறுப்புச் செயலிழப்பும் அதிகம். அந்தச் செயலிழப்பில் கணையத்தின் பங்கு எவ்வளவு, நுரையீரலின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க இயலாது; படுக்கையில் இருப்பவருக்கு அந்தப் பிரிவினையால் பயனும் இல்லை.

சிகிச்சையில் ஒரு முரண் இங்கே உண்டு. கணைய அழற்சிக்கு முதல் மருந்து சிரை வழியே ஏற்றும் திரவம். கொரோனாவால் நொந்த நுரையீரலுக்கோ கூடுதல் திரவம் விஷம். பல ஆண்டுகளாக, கணைய நோயாளிக்குத் தாராளமாக ஏற்ற வேண்டும் என்பதே வழக்கமாக இருந்தது. அந்த வழக்கத்தையே அசைத்தது 2022இல் வெளியான ‘வாட்டர்ஃபால்’ ஆய்வு. இந்தியா, இத்தாலி, மெக்சிகோ, ஸ்பெயின் நாடுகளின் 18 மையங்களில் 249 பேரிடம் நடந்த அதற்குத் தலைமை தாங்கியவர் முன்பு சொன்ன அதே டி மடாரியா. தாராளமாக ஏற்றியவர்களில் 20.5 விழுக்காட்டினருக்கும், அளவாக ஏற்றியவர்களில் 6.3 விழுக்காட்டினருக்கும் திரவம் மிகுந்து தொல்லை கொடுத்தது. நோயின் தீவிரம் குறையவில்லை. ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அளவாக ஏற்றி, சில மணிக்கு ஒருமுறை நோயாளியைப் பார்த்து மாற்றுவதே இப்போதைய நெறி. கொரோனாவும் சேர்ந்திருந்தால் அது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

கணையத்தின் மற்றொரு பாதியான இன்சுலின் பற்றி ஒரு சொல். 2003இன் சார்ஸ் தொற்றில், முன்பு சர்க்கரை நோயில்லாத 39 பேரில் 20 பேருக்கு மருத்துவமனையிலேயே சர்க்கரை ஏறியது. மூன்றாண்டுக்குப் பின் இருவருக்கு மட்டுமே அது நிலைத்திருந்தது. இப்போதைய கொரோனாவில், அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களில் தொற்றுக்கு உள்ளான 1,81,280 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2022இல் வெளியானது. ஓராண்டுக்குள் புதிதாகச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து 40 விழுக்காடு கூடியிருந்தது. ஆயிரம் பேருக்குச் சுமார் 13 பேர் கூடுதல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கணைய அழற்சி வராதவர்கள். கணைய அழற்சி வந்தவருக்கு அந்த நோயே தனியாகச் சர்க்கரையைக் கொண்டுவரக்கூடும். இரண்டும் சேர்ந்தவர் ஆண்டுக்கொருமுறையாவது சர்க்கரை பார்த்துக்கொள்வது அவசியம்.

தடுப்பூசிக்குப் பிறகு கணைய அழற்சி வந்த தனி நேர்வுகளும் மருத்துவ இதழ்களில் உண்டு. அவற்றையும் இதே தராசில்தான் வைக்க வேண்டும். கோடிக்கணக்கானோர் ஊசி போட்ட மாதங்களில் சிலருக்குக் கணையம் வீங்குவது ஊசி இல்லாமலும் நடந்திருக்கும்.

இவற்றிலிருந்து கிடைக்கும் தீர்ப்பு: கொரோனா அரிதாகச் சிலருக்குக் கணைய அழற்சியை உண்டாக்கக்கூடும், ஆனால் ஒரு தனி மனிதரிடம் ‘உமக்கு வந்தது கொரோனாவால்தான்’ என்று சொல்ல எந்தப் பரிசோதனையும் இல்லை. எல்லாக் காரணங்களையும் தேடி இல்லையென்று ஆன பிறகு சொல்லப்படும் கடைசி ஊகம் அது. டிஸ்சார்ஜ் சம்மரியில் அது முதல் வரியாக எழுதப்பட்டிருந்தால், தேடல் முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இந்த மடல் எழுதப்படுவதன் நோக்கமும் அதுதான். பழியை வைரஸ்மீது போட்டுவிட்டால், பித்தப்பையில் கல் இருப்பவர் அதோடு வீட்டுக்குப் போய்விடுகிறார். கல்லால் வந்த இலேசான கணைய அழற்சியில், அதே அனுமதியில் பித்தப்பையை எடுப்பதையும் சில வாரம் தள்ளிப்போடுவதையும் நெதர்லாந்தில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, தள்ளிப்போட்டவர்களில் 17 விழுக்காட்டினர் கல் தொடர்பான சிக்கலோடு திரும்பினர் அல்லது இறந்தனர். உடனே எடுத்தவர்களில் 5 விழுக்காட்டினர் மட்டுமே. சில வாரத் தாமதத்துக்கே இந்த விலை. கல் இருப்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இருப்பவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

எனவே, கொரோனாவோடு கணைய அழற்சி வந்தவர்கள் பழைய ஆவணங்களை எடுத்துக்கொண்டு குடல்நோய் மருத்துவரை ஒருமுறை பார்க்க வேண்டும். லைபேஸ் எத்தனை மடங்கு இருந்தது, சி.டி. ஸ்கேனில் கணையம் எப்படித் தெரிந்தது என்று கேட்டால், வந்தது கணைய அழற்சிதானா என்பதே முதலில் தெளிவாகும். நோய் மும்முரமாக இருந்தபோது எடுத்த அல்ட்ராசவுண்டில் குடல் காற்று மறைத்துக் கல் தெரியாமல் போவது வழக்கம். குணமான பிறகு வெறும் வயிற்றில் மறுபடி எடுக்கலாம். அதிலும் ஒன்றும் இல்லையென்றால் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் வேண்டுமா என்று கேட்கலாம். ட்ரைகிளிசரைடு பட்டினியில் விரைவாக இறங்கிவிடும் என்பதால், அன்றைய எண் இயல்பாக இருந்தாலும் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். கால்சியமும் அப்படியே. முப்பது வயதுக்குள் வந்திருந்தாலோ, வீட்டில் வேறொருவருக்கும் வந்திருந்தாலோ மரபணுப் பரிசோதனை பற்றிப் பேசலாம். குடிப்பழக்கம் இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். காரணம் எதுவாக இருந்தாலும், ஒருமுறை வீங்கிய கணையத்துக்கு மதுவும் புகையும் ஆகாது.